திருவிழா முடிந்ததும் கோழி சாவது ஏன்? (வாசகர் கேள்வி-பதில்)

மாசி பிறந்துவிட்டால் ஊர்களில் கோயில் வரி பிரிக்கவும் திருவிழாச் சாட்டுதலுக்கு நாள் குறிக்கவும் தொடங்கிவிடுவார்கள். இந்த மாதம் வந்த கேள்விகளிலும் கோழியும் கோயிலும் கலந்தே வந்திருக்கின்றன. பிரிக்காமல் அப்படியே பதில் தருகிறோம்.

மேலூரிலிருந்து ஒரு வாசகி: போன வருடம் பங்குனிப் பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, எங்கள் தெருவில் கோழிகள் தூங்கித் தூங்கி விழுந்தன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றின. நாலே நாளில் என்னுடைய 14 கோழியில் 11 போய்விட்டது. சாமி குத்தம் என்கிறார் மாமியார். இந்த வருடமும் அப்படி ஆகுமா?

சாமியை இதில் இழுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறிகள் அத்தனையும் வெள்ளைக் கழிச்சலுக்கு உரியவை. ராணிக்கெட் என்பதும் இதுதான். இது வைரஸால் வரும் சீக்கு. கிருமி உடம்பில் புகுந்து பெரும்பாலும் ஐந்தாறு நாளில் குறி தெரியும், சில சமயம் இரண்டு வாரம்வரை ஆகும். பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் சாவு தொடங்குகிறது என்றால், கிருமி ஊருக்குள் வந்தது பொங்கலை ஒட்டித்தான்.

எப்படி வந்தது? நேர்த்திக்கடனுக்கு வீட்டுக்கு ஒரு சேவல் வேண்டும். வளர்த்தது இல்லாதவர்கள் சந்தையில் வாங்குவார்கள். வாங்கிய சேவலை நாலைந்து நாள் வீட்டுக் கோழிகளோடு மேயவிட்டுத்தான் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பத்து ஊர்க் கோழி ஒரே கூடையில் அடைபட்டு வந்த சந்தை அது. பார்வைக்குத் தெளிவாக இருக்கும் சேவலும் எச்சத்திலும் எச்சிலிலும் கிருமியை விட்டுக்கொண்டிருக்கலாம். அதை அறுத்தபின் இறகு, குடல், கழுவிய தண்ணீர் எல்லாம் கோயில் பக்கத்திலேயே கிடக்கும். காக்கையும் நாயும் அதைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போகும். மிதித்த செருப்போடு நாமும் வீட்டுக்கு வருவோம்.

ஆகவே செய்ய வேண்டியது இது. சேவலை முந்தின நாள் வாங்குங்கள். வாங்கியதைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். அதற்கு வைத்த தண்ணீர்ச் சட்டியை மற்றக் கோழிக்கு வைக்காதீர்கள். அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போகட்டும். அறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நாலடிக் குழி ஒன்றை ஊர்ச் செலவில் முன்கூட்டியே வெட்டச் சொல்லுங்கள். இறகும் குடலும் அதில் விழ வேண்டும், மேலே சுண்ணாம்புத்தூள் தூவி அன்றைக்கே மூட வேண்டும். இதற்கு ஆகும் செலவு பந்தலுக்கு வாங்கும் கயிற்றுச் செலவைவிடக் குறைவுதான், ஆனால் வரவு செலவு படிக்கும்போது இந்தக் குழி மட்டும் எந்த ஊரிலும் காணோம்.

சீக்கு வந்தபின் மருந்து கிடையாது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் கொடுத்தால் சில கோழிகள் தேறலாம். அதைத் தடுப்பூசிக்கு மாற்றாக நினைக்காதீர்கள். சாகும் தறுவாயில் இருப்பதை "விற்றாவது தீர்ப்போம்" என்று சந்தைக்குக் கொண்டுபோவதுதான் பெரிய பாவம். அடுத்த ஊருக்குச் சீக்கு போவது அந்த வழியில்தான். செத்ததை மூன்றடி ஆழத்தில் புதையுங்கள், ஆற்றிலும் குப்பையிலும் எறியாதீர்கள். கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயப்போட்டு, ஒரு மாதமாவது காலியாக விட்டுவிட்டு அப்புறம் புதுக் கோழி விடுங்கள்.

வேடசந்தூரிலிருந்து ஒரு வாசகர்: என் கோழிகளுக்கு மட்டும் வெள்ளைக் கழிச்சல் ஊசி போட்டேன். ஆனாலும் ஊரில் சீக்கு வருகிறது. எல்லாரையும் சேர்த்துப் போட வைக்க என்ன வழி? கால்நடை மருந்தகத்தில் கேட்டால் "நூறு கோழி சேருங்கள்" என்கிறார்கள்.

நூறு என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊசிமருந்து உறையவைத்து உலர்த்திய பொடியாக வருகிறது, ஒரு குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கு. அதை 50 மில்லி சலைன் நீரில் கரைத்தால் கோழிக்கு அரை மில்லி. கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவும் ஐஸ் வைத்த பெட்டியில், நிழலில். உங்கள் 15 கோழிக்காகக் குப்பியை உடைத்தால் மீதி 85 வீண். ஆகவே ஊர் சேர்வது நல்லெண்ணத்துக்காக மட்டுமில்லை, மருந்தின் கணக்கே அப்படி.

கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரண்டு வாரம் நடத்துகிறது, ஊசி இலவசம். பங்குனிப் பொங்கலுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. ஊசி போட்டு எதிர்ப்பு ஊற இரண்டு மூன்று வாரம் வேண்டும், காப்புக் கட்டும் நாளில் போட்டால் பயன் கிடையாது. வரி பிரிக்கக் கூடும் ஊர்க் கூட்டத்திலேயே ஊசித் தேதியையும் சொல்லிவிடுங்கள். தலைக்கட்டுக் கணக்கெடுக்கும் நோட்டில் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு, வீட்டுக்கு எத்தனை கோழி என்று எழுதிக்கொண்டால் மருந்தகத்தில் சரியான எண்ணிக்கையைச் சொல்லலாம்.

முந்தின நாள் இரவிலேயே வேலையைத் தொடங்குங்கள். முருங்கை மரத்திலும் கூரையிலும் அடையும் கோழியை இருட்டியபின் பிடித்துக் கூட்டில் விட வேண்டும், விடிந்தபின் துரத்தினால் ஆளும் கோழியும் களைத்துப்போகும். காலையில் கூட்டைத் திறக்காதீர்கள். வெயில் ஏறுமுன், ஒரு ஆள் பிடிக்க, ஒரு ஆள் இறக்கையை விரித்துக் காட்ட, இறக்கைக்கு அடியில் தோலைக் கிள்ளித் தூக்கி அரை மில்லி. போட்ட கோழியின் கால் நகத்தில் நகச்சாயம் தொட்டுவிட்டால் இரண்டாம் முறை போட நேராது. வீட்டுக்கு ஒரு ஊசி முனையாவது மாற்றுங்கள்.

எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்கு இந்த ஊசி கூடாது. மருந்தே வேகமானது, குஞ்சு வாதம் கண்டு விழும், சாகவும் செய்யும். குஞ்சுக்குப் பிறந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து இருக்கிறது. நாலாவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து ஒரு முறை. எட்டாவது வாரம்தான் இறக்கை ஊசி, பதினாறாவது வாரம் மறுபடி ஒன்று.

ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். புழுப் பிடித்து மெலிந்த கோழிக்கு ஊசி ஏறாது. சோர்ந்து நிற்பதற்கும் போடாதீர்கள். போட்ட மறுநாள் கோழி கொஞ்சம் மந்தமாக இருக்கும், முட்டை இரண்டு மூன்று நாள் தள்ளும். ஏற்கெனவே கிருமி புகுந்திருந்த கோழி மூன்றாம் நாள் செத்தால் "ஊசி போட்டுக் கொன்னுட்டான்" என்று ஊர் பேசும். அந்தப் பேச்சு ஒரு முறை கிளம்பினால் அடுத்த வருடம் ஆள் சேராது. அதனால் ஊரில் சாவு தொடங்குமுன்பே போட்டு முடிக்க வேண்டும், இதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லியும் வைக்க வேண்டும்.

அறந்தாங்கியிலிருந்து: கோயிலில் ஆடு, கோழி பலியிடுவது சட்டப்படி தடையா? எங்கள் ஊரில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 1950-இல் இதைத் தடுக்கும் சட்டம் ஒன்று வந்தது. பல காலம் ஏட்டிலேயே கிடந்தது. 2003-இல் கறாராக அமல்படுத்த அரசு உத்தரவிட்டபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது, 2004-இல் அந்தச் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. உங்கள் ஊரில் ஒருவர் 2003-லேயே நின்றுவிட்டார்.

ஆலங்குளத்திலிருந்து ஒரு வாசகி: 15 முட்டை அடை வைத்தேன், 5 குஞ்சுதான் பொரித்தது. மீதியில் சில நாற்றமடித்தன, சிலவற்றில் குஞ்சு முழுதாக வளர்ந்து உள்ளேயே செத்திருந்தது. கோழி நன்றாகத்தான் படுத்தது. இடி இடித்ததால் கெட்டதா?

மூன்று விதமாகக் கெட்டிருக்கிறது, மூன்றுக்கும் காரணம் வேறு.

முதலில் எண்ணிக்கை. சிறுவிடைக் கோழியின் வயிற்றுக்கு அடியில் எட்டு முதல் பத்து முட்டைதான் முழுசாக அடங்கும். பெருவிடைக்குப் பன்னிரண்டு. பதினைந்து வைத்தால் ஓரத்தில் இருப்பது ஆறும், கோழி முட்டையைப் புரட்டும்போது நேற்றுச் சூடாக இருந்தது இன்று ஓரத்துக்கு வரும். இப்படி எல்லா முட்டையும் கொஞ்சம் கொஞ்சம் கெடும். நாலு முட்டைக்கு ஆசைப்பட்டு பத்தை இழப்பது இங்கேதான்.

நாற்றமடித்தது கூமுட்டை. சேவல் சேராத முட்டையாக இருக்கலாம், பழைய முட்டையாகவும் இருக்கலாம். எட்டுப் பத்து பெட்டைக்கு ஒரு சேவல் ஊரில் நடமாட வேண்டும். திருவிழாவுக்கு எல்லாச் சேவலையும் அறுத்துவிட்ட பிறகு அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இடும் முட்டையை அடைக்கு நம்பாதீர்கள். சேர்த்து வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் கூடாது, சித்திரை வெயிலில் நாலு நாளே அதிகம். கேழ்வரகோ மணலோ போட்ட சட்டியில், கூர்முனை கீழே இருக்க, குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே புகும்.

ஏழாம் நாள் இரவு பார்த்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சின் மேல் முட்டையின் மழுங்கிய பக்கத்தை வைத்து, சுற்றிக் கையால் குவித்துப் பிடியுங்கள். உள்ளே ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் போலச் செந்நரம்புகளும் ஓடினால் கரு பிடித்திருக்கிறது. எலுமிச்சம்பழ நிறத்தில் வெறுமையாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் மூன்றாவது வாரம் அது வெடித்து நல்ல முட்டைகளின் மேல் வழியும். வைக்கும் நாளிலேயே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், வேறு பெட்டை வந்து அதே கூடையில் இட்டுவிட்டுப் போனது கோடு இல்லாமல் தனியே தெரியும்.

முழுசாக வளர்ந்து உள்ளே செத்தது, கடைசி மூன்று நாளில் ஈரம் போதாததால் இருக்கலாம். உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும், திரும்பிக் கொத்த முடியாது. கூடையின் அடியில் மூன்று விரல் மணல், மேலே வைக்கோல். கோடையில் பதினெட்டாம் நாள் முதல் அந்த மணல் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வந்தால் போதும். அந்த நாட்களில் முட்டையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஓட்டில் பொத்தல் விழுந்தபின் குஞ்சு முழுசாக வெளிவர ஒரு நாள்வரைகூட ஆகும், நகத்தால் பிய்த்து உதவினால் இரத்தம் கசிந்து சாகும். 21-ஆம் நாளுக்கு மேல் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

இடியால் கரு கெடாது. மிரண்டு இறங்கிய கோழி இரவெல்லாம் திரும்பாமல் இருந்தால்தான் கெடும். கூடையில் இரும்புத்துண்டும் மிளகாய் வற்றலும் போடுவது ஊர் வழக்கம், போடுங்கள், குறை ஒன்றும் இல்லை. அதைவிட, கூடையை ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டு மூலைக்கு மாற்றுவது உதவும். ஒரு சந்தேகமும் மீதியிருக்கிறது: கோழி அடிக்கடி இறங்கியிருந்தால் செல், அதாவது இரத்தம் குடிக்கும் சிறு பூச்சி, பிடித்திருக்கும். இரவில் வெள்ளைத்துணியைக் கூடை ஓரத்தில் அழுத்தி எடுத்துப் பாருங்கள், சிவப்பாகப் புள்ளி ஒட்டினால் அதுதான். அடுப்புச் சாம்பலோடு காய்ந்த வேப்பிலைத்தூளும் கொஞ்சம் வசம்புத்தூளும் கலந்து வைக்கோலுக்கு அடியில் தூவுங்கள். பருத்திக்கு அடிக்கும் மருந்தை மட்டும் தொடாதீர்கள், செல்லோடு கோழியும் போய்விடும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: அடைக்கோழி தெளிய மாட்டேன் என்கிறது. தண்ணீரில் முக்கலாமா?

மூக்கில் இறகு குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாத வேலை. அடி தரையில் படாத கம்பிக் கூண்டில், வெளிச்சத்தில், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் விடுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்றோட்டம் பட்டால் சூடு தணிந்து தெளிந்துவிடும்.

திருச்சுழியிலிருந்து ஒரு வாசகி: இந்த வருடம் எங்கள் வீட்டில் முளைப்பாரி வைக்கிறோம். போன வருடம் மற்றொரு வீட்டில் மூன்று சட்டி அழுகிவிட்டது. ஒரு சட்டியைக் கோழி புகுந்து சீய்த்துவிட்டது. என்ன கவனிக்க வேண்டும்?

முளைப்பாரி அழுகுவதற்குப் பச்சை எருதான் முதல் காரணம். ஈரச் சாணம் சூடாகும். ஆட்டுப் புழுக்கையை நன்றாகக் காயவைத்து நொறுக்கி, கண்மாய்க் கரம்பையோடு (வண்டல் மண்) சரிபாதி கலந்து, அடியில் துளையிட்ட சட்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் நிரப்புங்கள். துளையில்லாச் சட்டி என்றால் தண்ணீர் அடியில் தேங்கிக் கண்டிப்பாக அழுகும். பயறு, தட்டை, மொச்சை, சோளம், கம்பு எதுவானாலும் ஒரு வாரம் முன்பே இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள். பதினாறுக்குக் குறைவாக முளைத்தால் அந்த விதை வேண்டாம். ஓர் இரவு ஊறவைத்து, நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக எருத்தூள். காலையும் மாலையும் கையால் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். அறை இருட்டாக இருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாததால்தான் பச்சை ஏறாமல் வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்கிறது. ஒரு பக்கம் ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் வந்தால் அத்தனையும் அந்தப் பக்கம் சாய்ந்து, ஊர்வலத்தில் தூக்கும்போது கோணலாக நிற்கும்.

கோழி வந்தது விதைக்காக மட்டுமில்லை, எருவிலுள்ள புழுவுக்காகவும்தான். எருவைக் காயவைத்தால் அந்த ஈர்ப்பும் போகும். கதவுக்குக் குறுக்கே முழங்கால் உயரப் பலகை மட்டும் வைத்தால் கோழி தாண்டிவிடும், கொசுவலையைத் தொங்கவிடுங்கள்.

இதைவிட முக்கியம்: வேளாண் கடையில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசிய விதை கிடைக்கும். விதைப்புக்காக மருந்து சேர்த்தது அது. அதை முளைப்பாரிக்கு வாங்காதீர்கள். மருந்து விதையைத் தொட்ட கைதான் கும்மியும் அடிக்கும், கரைத்தபின் கண்மாய்க் கரையில் ஒதுங்கும் முளையைத் தின்பது ஊர்க் கோழிகள். மளிகைக் கடையில் வாங்கும் முழுப் பயறே போதும்.

அரவக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர்: கிடா வெட்டோடு இந்த முறை நூறு பேருக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் எங்கள் பங்காளிகள் வைக்கிறோம். போன முறை பாதிக் கறி வேகவில்லை, பாதி கரைந்துவிட்டது. உயிர்க்கோழி எத்தனை கிலோ வேண்டும்?

வேகாததும் கரைந்ததும் ஒரே தவறின் இரண்டு பக்கம். ஆளுக்கு ஒரு கோழி கொண்டுவந்தால் ஒன்றரை வருடச் சேவலும் ஆறு மாத வெடைக்கோழியும் ஒரே அண்டாவில் விழும். வந்ததும் காலைப் பாருங்கள்: செதில் தடித்து, முள் நீண்டிருந்தால் முதியது. அதைத் தனியாக வெட்டி முதலில் அடுப்பேற்றுங்கள், முக்கால் மணி நேரம் கழித்து வெடைக்கறியைச் சேருங்கள். முதியதற்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

சாதத்தோடு ஊற்றும் குழம்பு என்றால் ஆளுக்கு எலும்போடு 150 கிராம் கறி வைத்துக் கணக்கிடுங்கள். நூறு பேருக்கு 15 கிலோ. உயிர் எடையில் மூன்றில் ஒரு பங்கு இறகு, குடல் என்று போய்விடும், ஆகவே 22 அல்லது 23 கிலோ உயிர்க்கோழி வேண்டும். இறகு எடுத்தபின் மஞ்சள் தடவித் தீயில் வாட்டினால்தான் நாட்டுக்கோழியின் மணம் வரும். 15 கிலோவுக்குச் சின்ன வெங்காயம் மூன்று கிலோ, தக்காளி இரண்டு கிலோ, இஞ்சியும் பூண்டும் அரைக் கிலோ வீதம், மல்லித்தூள் 600 கிராம், மிளகாய்த்தூள் 350 கிராம், நல்லெண்ணெய் ஒன்றரை லிட்டர். உப்பை முதலில் கால் கிலோ போட்டு, மீதியைக் கடைசியில் ருசி பார்த்து. நடுவில் தண்ணீர் ஊற்றினால் கொதித்த தண்ணீராகவே இருக்கட்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, வேகும் நேரம் நீளும். அரிசி 12 கிலோ, கிடாக்கறியும் இருப்பதால் இன்னும் ஒரு கிலோ கூட்டிக்கொள்ளலாம்.

செய்யாற்றிலிருந்து ஒரு வாசகி: என் கோழி பக்கத்து வீட்டு வைக்கோற்போரில் போய் முட்டையிடுகிறது. கேட்டால் சண்டை. இதனால் கோயில் வரி பிரிக்கக்கூட அவர்கள் வீட்டுக்குள் போக முடியவில்லை.

காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒவ்வொரு பெட்டையையும் பிடித்து முட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். உங்கள் பாட்டி செய்ததுதான். இடுப்பெலும்புக்குக் கீழே, எச்சத்துவாரத்தை ஒட்டிக் கல்போலத் தட்டுப்பட்டால் இன்றைக்கு இடும். அதை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, உள்ளே ஒரு கூமுட்டையையோ வெள்ளை உருண்டைக் கல்லையோ வைத்துவிடுங்கள். பெரும்பாலும் மத்தியானத்துக்குள் இட்டுவிடும், அப்புறம் திறந்துவிடலாம். ஒரு வாரம் பழக்கினால் அதுவே அங்கே வந்து இடும். இதுவரை போன முட்டைக்குக் கணக்குப் பார்க்காமல், அடுத்த முறை அடை வைத்துப் பொரித்ததில் இரண்டு குஞ்சை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வரி நோட்டோடு போங்கள்.